பல்லு புடுங்கியாச்சு, பல் செட்டு எப்போ?



காதுகுத்துக்குக் கடன் கேட்டா நம்ம குழுவில் உடனே தீர்மானம் போட்டுடறோம். பல் செட்டுக்கு ஒரு அக்கா கேட்டா, "இந்த வயசுல உனக்கு எதுக்கு?"ன்னு சிரிக்கிறோம். அப்புறம் அவங்க கேட்கவே மாட்டாங்க. குழைஞ்ச சோறும் ரசமுமா காலத்தைத் தள்ளுவாங்க. கீரைத்தண்டு, சுண்டல் எல்லாம் தட்டை விட்டே போயிடும். கூட்டத்திலும் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் பேச்சு.

பல்லைப் பிடுங்குவது ஒரு நாள் வேலை. செட்டு வைப்பது சில மாத வேலை. அதனால பிடுங்கும் முன்னாடியே டாக்டரிடம் கேளுங்க: எத்தனை பல் மிஞ்சும், செட்டு எப்போ வைக்கலாம், எத்தனை தடவை வரணும், செலவு என்ன? சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிட்டா அதையும் சொல்லிடுங்க.

ஈறு சில வாரத்தில் மூடிடும். உள்ளே எலும்பு ஆற நாளாகும். ஆறும்போதே கரைஞ்சு உருவம் மாறும். அதனால முழு செட்டுக்குப் பொதுவா 2, 3 மாதம் விட்டுத்தான் அளவு எடுப்பாங்க. நடவு முடிஞ்சு ஐப்பசியில் பிடுங்கினா தை மாதம் அளவு கொடுக்கலாம். அதுக்காக வருஷக்கணக்கில் தள்ளிப்போடாதீங்க. எலும்பு கரையறது நிக்காது, கீழ்த்தாடையில் இன்னும் அதிகம். மேடு தட்டையாயிட்டா செட்டு உட்காராம ஆடும். ஒண்ணு ரெண்டு பல் போனாலும் பக்கத்துப் பல் அந்தச் சந்துக்குள்ளே சாய ஆரம்பிச்சிடும்.

குழி ஆறும்வரை வெத்தலை பாக்கு, புகையிலை வேண்டாம். வெத்தலை நம்ம மண்ணோட பெருமைதான். கும்பகோணம் வெத்தலைக்கு 2025-ல் புவிசார் குறியீடே கிடைச்சுது. கெடுதல் அதோட சேர்ற பாக்கிலும் புகையிலையிலும்தான்.

அளவு எடுக்க, கடி பார்க்க, மெழுகில் பல் வைத்துப் பார்க்க, பொருத்த, பிறகு உரசும் இடத்தைச் சரிசெய்யன்னு நாலஞ்சு தடவை அலையணும். பஸ் செலவு, அன்னைக்குப் போற கூலி எல்லாம் சேர்த்துக் கடன் கேளுங்க. மயிலாடுதுறை பக்கத்தவங்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. தஞ்சாவூர், பட்டுக்கோட்டை பக்கத்தவங்களுக்கு 2023 நவம்பரில் புதுக்கோட்டையில் திறந்தது கிட்ட. சந்தையில் பல் ஒட்டுறவங்ககிட்ட மட்டும் போயிடாதீங்க. கழற்ற முடியாதபடி ஒட்டிட்டா, அடியில் அழுக்கு சேர்ந்து, இருக்கிற நல்ல பல்லும் ஆட்டம் கண்டுடும்.

புது செட்டு முதல் சில வாரம் உறுத்தும். வீட்டில் அரம் வெச்சுத் தேய்க்காதீங்க, டாக்டர்கிட்டயே போங்க. ராத்திரி கழற்றிப் பச்சைத் தண்ணியில் போடுங்க, வெந்நீரில் போட்டா வளைஞ்சிடும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணி வெச்சுக்குங்க. கை நழுவினாலும் உடையாது.