சுழன்ற சில்லும் சிற்றலை வானொலியும்

ஸ்பிரிங்வேலில் பற்றரி தீர்ந்தால் கடைத்தெருவில் வாங்கிக்கொள்கிறோம். உங்கள் பெற்றோரிற் பலர் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் ஒருங்கே அற்றுப்போன காலமொன்று இருந்தது. அந்நாளில் நாம் சிறுவர்.

1990ஆம் ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களிற் பற்றரியும் ஒன்றாயிற்று. மண்ணெண்ணெயோ கிடைத்தற்கரியது. ஆயினும் சைக்கிள் இல்லாத வீடு அரிது. அதன் சில்லில் உரசிச் சுழலும் சிறு டைனமோவே வானொலிக்கு உயிர் கொடுத்தது.

வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றுவோம். டைனமோவினுள் கம்பிச் சுருளுக்கு நடுவே காந்தம் சுழல, கம்பியில் மின் பிறக்கும். 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. முகப்பு விளக்கை எரிப்பதற்கான டைனமோ வழக்கமாக 6 வோல்ற்று மின்னழுத்தமும் 3 வாற்று வலுவும் தரும். 1.5 வோல்ற்றுப் பற்றரி நான்கைத் தொடராக இணைத்தாலும் அதே 6 வோல்ற்றுத்தான்! எனவே நான்கு பற்றரி வானொலிக்கு அது அளவெடுத்தாற்போற் பொருந்திற்று. ஓர் இடர் மட்டும் உண்டு. டைனமோ தருவது திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். அதற்கென இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் இடையே இணைத்தனர்.

சுற்றுவது சிறுவர் பணி. கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். "சுத்தடா, நிப்பாட்டாதை!" என்று பெரியோர் அதட்டுவர். மிக விரைந்து சுற்றினாலோ வானொலி கெட்டுவிடும் என்ற அச்சம். இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வெரித்தாஸும் சிற்றலையில் வந்தன. வானின் உயரத்திலுள்ள அயன் மண்டலத்திற் பட்டுத் திரும்புவதாற்றான் சிற்றலை அத்தனை தொலைவு கடக்கிறது. எவ்வூரில் எறிகணை வீழ்ந்தது, எவ்வூரார் இடம்பெயர்ந்தனர் என்றறிய அயலவரும் முற்றத்திற் கூடுவர். உறவினரைப் பிரிந்திருந்தோர் ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும் மூச்சடக்கிக் காத்திருப்பர். அந்த நேரத்திற் கை நோகிறது என்று சொல்ல நமக்கு வாய் வந்ததில்லை.

1941இல் தொடங்கிய தமிழோசை வானொலி ஒலிபரப்பு 2017இல் நின்றது. சில்லில் உரசும் டைனமோவை இங்கே புதிய சைக்கிள்களிற் காண்பது அரிது. பெற்றோர்களே, பழையது ஒன்று கிடைத்தாற் பிள்ளைகளிடம் கொடுங்கள். முதலில் வெறுமனே சுற்றட்டும். பின்னர் 6 வோல்ற்று மின்குமிழொன்றை இணைத்துச் சுற்றட்டும். குமிழ் ஒளிரத் தொடங்கியதும் மிதி சற்றுக் கனப்பதைக் கை உணரும்.