காட்டுப்பூவைக் கிட்டப்போய்ப் படம் பிடிப்போம்



இப்போது ஒவ்வொரு லயத்திலும் நாலைந்து கைத்தொலைபேசிகளாவது இருக்கின்றன. கலியாணம், சடங்கு, கோவில் தேர் என்று எல்லாவற்றையும் படம் எடுக்கிறோம். விடுமுறை நாளில் மலையுச்சிக்கும் அருவிக்கும் நடந்துபோய் வரும் பிள்ளைகளும் நூறு படத்தோடு வருகிறார்கள். பார்த்தால் எல்லாம் தங்கள் முகமும் பின்னால் வெள்ளைப் புகாரும்தான். காலடியில் பூத்திருந்த பூவை யாராவது எடுத்திருந்தாலும் அது கலங்கிய ஊதாப் பொட்டாகத் தெரிகிறது. இது என்ன பூ என்று கேட்டால், “ஏதோ காட்டுப்பூ சேர்” என்ற பதில்.

அந்த “ஏதோ” என்ற சொல்தான் எங்களுக்கு உறுத்தல். பேர் தெரியாத செடி கான் வெட்டும்போது மண்வெட்டிக்குப் போகிறது. களைநாசினி அடிக்கும்போது கருகுகிறது. அது இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத செடியாகவும் இருக்கலாம். ஆகவே இந்த இதழில், நடைப்பயணம் போய் வரும்போது நம் மண்ணுக்குரிய பூக்களைக் கிட்டப்போய்ப் படம் எடுக்கும் முறையையும், வீட்டுக்கு வந்தபின் அந்தப் படத்தை என்ன செய்வது என்பதையும் படிப்போம். விலையுயர்ந்த கமரா தேவையில்லை. வீட்டிலிருக்கும் போன் போதும்.

கொழுந்து எடுக்கிற அம்மாமாருக்கு இந்தப் பாடம் பாதி தெரிந்ததுதான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றியது எது என்று கண் மூடித் திறப்பதற்குள் பார்த்துவிடுகிற கண் அவர்களுடையது. சின்னதைக் கவனமாகப் பார்க்கிற பழக்கம்தான் இதற்கு முதல் தேவை. போனை எப்படிப் பிடிப்பது என்பதை ஒரு பின்நேரத்தில் படித்துக்கொள்ளலாம்.

எங்கே பார்ப்பது

ஹோட்டன் சமவெளிக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. தேயிலை மலை முடிந்து காடு தொடங்குகிற தொங்கல், ஆற்றோரம், மாணா புல் நிற்கிற பத்தனை, பழைய பாதையின் மண்திட்டு, எல்லாம் நல்ல இடங்கள்தான். முதலில் பழகிக்கொள்ள வேண்டுமென்றால் தேயிலைப் பூவையே எடுத்துப் பாருங்கள். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கேசரங்கள் கூட்டமாக இருக்கும். தேயிலை நம் மண்ணுக்குரிய செடி அல்ல. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டதிலிருந்து வணிகப் பயிராகப் பரவியது. இருந்தாலும் பழகுவதற்கு அதைவிடக் கிட்ட இருக்கும் பூ எது?

அடுத்து போவிட்டியா. சிங்களப் பெயர்தான், நம்மவர்களும் அப்படியே சொல்கிறார்கள். பாதையோரத்தில் ஊதா நிறத்தில் பூக்கும் புதர்ச்செடி. இலையைப் பார்த்தால் நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை வில்லைப்போல வளைந்து ஓடும். இதில் நம் நாட்டுக்கே உரிய ஓர் இனத்துக்கு நான்கு இதழ், எட்டு மகரந்தக் கேசரம். விஞ்ஞானப் பெயரான ஒஸ்பெக்கியா ஒக்டாண்ட்ரா என்பதில் இரண்டாம் சொல்லுக்கு எட்டுக் கேசரம் என்றே பொருள். அதாவது நேர் முன்னால் நின்று ஒரு தெளிவான படம் எடுத்தால், எண்ணிப் பார்த்தே ஆளை அடையாளம் காணலாம்.

ஏன் எண்ண வேண்டும்? பங்களாத் தோட்டங்களில் அழகுக்கு வைத்த ஊதாப்பூ ஒன்று, திபுச்சினா என்பார்கள், பிரேசிலிலிருந்து வந்தது. இலை நரம்பு அதே மாதிரி, நிறமும் கிட்டத்தட்ட அதே. ஆனால் அதற்கு ஐந்து இதழ், கேசரமும் ஊதா. நம் போவிட்டியாவின் கேசரம் மஞ்சள். பத்தடி தள்ளி நின்று எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுதான். கிட்டப்போய் எடுத்தால் ஒன்று நம்முடையது, மற்றது விருந்தாளி என்று தெரிந்துவிடும். போவிட்டியா இலையை நாட்டு வைத்தியத்தில் ஈரல் நோய்க்குப் பயன்படுத்துகிறார்கள். அதற்காகப் படத்தைப் பார்த்து இலை பறித்துக் கஞ்சி காய்ச்சிக் குடிக்க வேண்டாம். ஒன்றைப் போல இன்னொன்று இருக்கும் என்று இப்போதுதானே பார்த்தோம். மஞ்சள் காமாலை என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

இன்னொரு விசேஷம். போவிட்டியாவின் மகரந்தப் பை நீளவாக்கில் வெடிக்காது. நுனியில் ஊசித்துளை போல ஒரு ஓட்டை மட்டும் உண்டு. வண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து “ர்ர்ர்” என்று உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். சத்தமில்லாத காலையில் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் காதில் விழும். பினர மல்லிலும் இதே ஏற்பாடுதான். அதுவும் இலங்கைக்கே உரியது. நீலம் கலந்த ஊதா இதழ் ஐந்து, நடுவில் வளைந்த மஞ்சள் கேசரங்கள். சிங்களவரின் பினர மாதமாகிய செப்டெம்பரை ஒட்டிப் பூப்பதால் அந்தப் பெயர்.

உயர்ந்த மலைகளில் மகரத்மல் மரம் இருக்கிறது. கொத்துக்கொத்தாகச் சிவந்த பூ. இதன் சொந்தக்காரர்கள் நீலகிரியிலும் இமயமலையிலும் இருக்கிறார்கள். நேபாளத்தின் தேசிய மலரும் இந்தக் குடும்பம்தான். ஆனால் இங்குள்ள வகை இங்கு மட்டுமே உண்டு. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் பழுப்புப் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். அதையும் ஒரு படம் எடுக்கவேண்டும். உயரத்தில் பூத்தால் கொப்பை வளைத்து முறிக்க வேண்டாம். கீழே விழுந்த பூ போதும்.

ஈரமான புல்வெளியில் சில இடங்களில் அழுகண்ணி என்ற பொடிச்செடி உண்டு. இலையில் மயிர், மயிர் நுனியில் பசைத்துளி. சின்னப் பூச்சி ஒட்டிக்கொண்டால் செடி அதைத் தின்றுவிடும். குனியாமல் போகிறவனுக்கு இது கண்ணில் படவே படாது.

எப்படி எடுப்பது

முதலில் லென்ஸைத் துடையுங்கள். மெல்லிய பருத்தித் துணி போதும். தோட்டத்துப் போனில் மா, எண்ணெய், கொழுந்துக் கறை எல்லாம் இருக்கும். பாதிப் படங்கள் கெடுவது இதனால்தான்.

மிகவும் கிட்டப் போனால் நல்லது என்று நினைப்பது தவறு. ஓர் உள்ளங்கை அகலத்துக்கும் கிட்டே போனால் பல போன்களில் படம் மங்கிவிடும். அந்த அளவுக்குத் தள்ளி வைத்து, திரையில் பூவின் நடுப்பகுதியை விரலால் தொடுங்கள். கொஞ்சம் பொறுத்தால் தெளிவு வரும். அப்போதும் வரவில்லையென்றால் இன்னும் சற்றுத் தள்ளி எடுத்து, பிறகு வீட்டில் சுற்றிவர வெட்டிப் பெரிதாக்கலாம். கிட்ட எடுப்பதற்கென்று தனி லென்ஸ் சில போன்களில் இருக்கும். அதற்குப் பூ அடையாளம் போட்டிருப்பார்கள்.

கை ஆடக்கூடாது. நின்றுகொண்டு எடுக்காமல் குந்தி உட்காருங்கள். முழங்கையை முழங்காலில் ஊன்றி, மூச்சை ஒரு கணம் நிறுத்தி அழுத்துங்கள். காற்றடித்தால் காத்திருங்கள், மலைக்காற்று விட்டுவிட்டுத்தான் அடிக்கும். ஒரே பூவை ஐந்தாறு தடவை எடுத்தால் ஒன்றாவது தேறும். கூட வந்த பிள்ளை ஒருவரைக் காற்று வரும் பக்கம் குடை பிடிக்கச் சொல்லலாம். அந்தக் குடை வெயிலையும் மறைக்கும். உச்சி வெயிலில் சிவப்பும் ஊதாவும் வெளுத்துப் போகும். நம்ம ஊரின் மப்புதான் பூவுக்கு நல்ல வெளிச்சம். பிளாஷ் போடாதீர்கள், பனித்துளியில் பட்டு வெள்ளைப்புள்ளியாகத் தெறிக்கும். பூவின் அடிப்பக்கம் இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளைக் கடதாசியைக் கீழே பிடியுங்கள், வெளிச்சம் ஏறும்.

ஒரு பூவுக்கு ஒரு படம் போதாது. முழுச்செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பூவின் முன்பக்கம், பக்கவாட்டு என்று எடுக்கவேண்டும். காசித்தும்பை இனப் பூக்களுக்குப் பின்னால் வால் போல ஒரு குழல் நீண்டிருக்கும். பக்கவாட்டில் எடுத்தால்தான் அது தெரியும். இவற்றில் ஒரு படத்தில் பூவுக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குத்தியையோ தீக்குச்சியையோ வையுங்கள். எவ்வளவு பெரிய பூ என்று பிறகு பார்ப்பவருக்கு விளங்கும்.

படத்துக்கு இடைஞ்சல் என்று பக்கத்துச் செடியைப் பிடுங்குவது கூடாது. மெதுவாக ஒதுக்கிப் பிடித்து, எடுத்தபின் விட்டுவிடுங்கள். தேசியப் பூங்காக்களில் ஓர் இலையைப் பறிப்பதும் சட்டப்படி குற்றம். ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. அங்கே 2013இல் நெலு கூட்டமாகப் பூத்தபோது பார்க்கப் போனவர்கள் ஏராளம். நெலு வகைகளில் சில பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை கொட்டி, செத்துப்போகும். மூணாறுப் பக்கம் 2006லும் 2018லும் பூத்த குறிஞ்சியும் அதே இனம்தான். அப்படிப்பட்ட செடியின் பூவை ஒருவர் பறித்தால், அது அடுத்த தலைமுறைக்கான விதையைப் பறித்ததாகும்.

போகும்போது கவனம்

குளவியைப் பற்றி நாங்கள் சொல்லவேண்டியதில்லை. ஆனால் பூவையே பார்த்துக்கொண்டு குனிகிறவர் தலைக்கு மேலே பார்ப்பதில்லை. உட்காருவதற்கு முன் மரத்தையும் கற்பாறை இடுக்கையும் ஒருதரம் பாருங்கள். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகவேண்டாம். சிறுத்தை நடமாடும் தொங்கலுக்கு விடியமுன்னும் இருட்டும் நேரத்திலும் போகாதீர்கள். வெயில் ஏறியபின் நாலைந்து பேராகப் போங்கள். அட்டைக்குச் சவர்க்காரம் பூசிய காலுறை உதவும். பள்ளத்தின் விளிம்பில் பூத்த பூ அங்கேயே இருக்கட்டும். பின்னால் நகர்ந்து நகர்ந்து படம் எடுக்கிற பழக்கம் உயிரைக் குடித்திருக்கிறது.

குளிரில் அலைந்த போனை அடுப்படிக்குக் கொண்டுவந்தவுடன் வெளியே எடுக்காதீர்கள். லென்ஸில் நீர் பூக்கும். கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தபின்

இதுதான் முக்கியமான வேலை, ஆனால் பலர் செய்யாத வேலை. அன்றிரவே மங்கிய படங்களை அழித்துவிடுங்கள். மிச்சமானதற்கு ஒரு கொப்பியில் திகதி, மலை நம்பர், எந்த மாதிரி இடம், எத்தனை செடி இருந்தன என்று எழுதுங்கள். கமரா இல்லாத காலத்தில் பேராதனைப் பூங்காவில் ஹார்மானிஸ் டி அல்விஸ் என்ற ஓவியர் பல்லாண்டு காலம் செடிகளைக் கையால் வரைந்தார். 1893இல் வெளிவரத் தொடங்கிய ஹென்றி டிரைமனின் இலங்கைத் தாவர நூலை இன்றும் புரட்டுகிறார்கள். எங்கே, எப்போது கண்டது என்று எழுதி வைத்ததுதான் அவற்றின் பலம்.

பிறகு படத்தைப் பெரியவர்களிடம் காட்டுங்கள். மலையேற முடியாத அப்பாயியும் அம்மாயியும் திரையில் பார்த்துவிட்டு, “அட, இத நாங்க இப்பிடில்ல சொல்லுவோம்” என்று ஒரு பெயர் சொல்வார்கள். சாமிக்குச் சூட்டியது, புண்ணுக்குக் கட்டியது, மாட்டுக்குக் கொடுக்கக்கூடாதது என்று விபரமும் வரும். அந்தப் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தோட்டத்தில் பிறந்த பெயர்கள் அவை. அவர்கள் சொல்வதை அப்படியே, பேச்சுத் தமிழிலேயே, கொப்பியில் எழுதுங்கள். இரண்டு பாட்டிமார் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், சண்டை வேண்டாம்.

விஞ்ஞானப் பெயர் வேண்டுமென்றால் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்கலாம். ஹக்கலைப் பூங்காவுக்குச் சுற்றுலா போகும்போது படத்தைக் காட்டிக் கேட்கலாம். போனே பெயர் சொல்லும் செயலிகளும் வந்திருக்கின்றன. ஆனால் நம் மலைச் செடிகளில் அவை பலதடவை தவறாகச் சொல்லும்; ஒன்றுக்கு இரண்டு பேரிடம் விசாரியுங்கள். உண்ணிச்செடி, காட்டுச் சூரியகாந்தி, ஹோட்டன் சமவெளியில் முள்ளோடு மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ், இவை அழகாக இருந்தாலும் வெளியிலிருந்து வந்து பரவியவை. அவற்றையும் எடுங்கள், தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

மரத்தில் ஒட்டி வளரும் ஓர்க்கிட் கிடைத்தால் மட்டும் இடத்தை ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். தாழ்நிலக் காடுகளின் வெசாக் மல் அரிதாகிப்போனதற்கு ஆட்கள் கழற்றிக்கொண்டு போனதும் ஒரு காரணம். போனில் இடக்குறிப்பு திறந்திருந்தால் படத்துக்குள்ளேயே இடம் பதிந்திருக்கும். அனுப்புமுன் அதை நிறுத்திவிடுங்கள்.

தோட்டத்துக்கு ஒரு கொப்பியை நாங்கள் பிள்ளைக் காம்பராவில் வைக்க ஏற்பாடு செய்கிறோம். படம் எடுத்தவர் பெயர், பூவுக்குப் பெயர் சொன்ன பெரியவர் பெயர் இரண்டையும் அதில் எழுதவேண்டும். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஞாயிறு காலையில் நலன்புரிக் காரியாலயத்துக்கு வந்தால் எங்கள் போனைக் கொண்டு சேர்ந்து நடக்கலாம். சப்பாத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சவர்க்காரக் கட்டி ஒன்று கொண்டுவாருங்கள்.