அச்சுக்குப் போகும் பிடிஎஃப்: எதைச் சுருக்கலாம்?

மாணவர்களே, பள்ளி ஆண்டிதழைக் கணினியில் வடிவமைத்து முடித்துவிட்டீர்கள். கோப்பு பெரியது, மின்னஞ்சலில் போக மறுக்கிறது. ‘மிகச் சிறிய கோப்பு’ என்ற தெரிவை அழுத்தினால் போய்விடும். நானும் ஒருமுறை அழுத்தினேன். சிடாம் கிரி தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் வரிசையாக நிற்கும் பழைய படம் ஒன்று அதில் இருந்தது. திரையில் தெளிவாகத்தான் தெரிந்தது. அச்சான இதழிலோ, படத்தைக் கொடுத்த பாட்டியால் தம் முகத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் வேண்டும். ஓர் அங்குலம் 2.54 செ.மீ. ஆகவே 1 செ.மீ. அகலமுள்ள முகத்தின் குறுக்கே ஏறத்தாழ 118 புள்ளிகள் விழும். அதையே அங்குலத்துக்கு 100 ஆகக் குறைத்தால் 39 தான். அகலத்தில் மூன்றில் ஒன்று, உயரத்திலும் மூன்றில் ஒன்று. மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கே மிச்சம். மற்ற எட்டுப் பங்கு திரும்பி வராது. பல கணினித் திரைகள் காட்டுவதே அங்குலத்துக்குச் சுமார் 100 புள்ளிகள் என்பதால், அங்கே குறை தெரியவில்லை.

அதற்காகச் சுருக்கவே கூடாது என்பதில்லை. ஏ4 தாள் முழுவதும் நிறையும் படத்தில் 2480 × 3508 புள்ளிகள். புள்ளிக்கு நான்கு மைகள், நான்கு பைட்டுகள் என்றால் சுமார் 35 மெகாபைட்! ஜேபெக் முறை படத்தை 8 × 8 கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுண்ணிய மாற்றங்களைக் கழிக்கும். தரத்தை ‘உயர்வு’ என வைத்தால் இழப்பு தெரியாது. ஸிப் முறை எதையும் கழிப்பதில்லை. ‘வெள்ளை’ என்று ஆயிரம் முறை எழுதாமல், ‘வெள்ளை, ஆயிரம்’ என்று குறித்துக்கொள்வதைப் போன்றது.

எழுத்துகள் வேறு வகை. அவை புள்ளிகளாக அல்ல, வளைவுகளாகப் பதிவாகின்றன. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. ஆனால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் உங்கள் கணினியில் இருக்கலாம். அச்சகத்தில் இல்லாவிட்டால், பதியாத எழுத்துகள் வெறும் கட்டங்களாக வந்து நிற்கும். எந்தக் கணினியிலும் பக்கம் ஒரே மாதிரி தெரியட்டும் என்றுதான் 1993இல் அடோபி நிறுவனம் பிடிஎஃப்பை வெளியிட்டது.

எனவே ‘அச்சுத் தரம்’ என்ற தெரிவையே எடுங்கள். ஓரங்களில் வெட்டுவதற்கு 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கினால், ‘ஆவணம்’ என்று அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வழியிலேயே சுருங்கிவிடும். பிடிஎஃப் தயாரானதும் குழுப்படத்தை 400 விழுக்காடு பெரிதாக்கி முகங்களைப் பாருங்கள். கோப்பு அப்போதும் மின்னஞ்சலில் போகவில்லையா? பென்டிரைவில் போட்டு அச்சகத்திலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.