ஸ்பீக்கர் வரிசையில் ஒலிப்புலம்: கணக்கைக் குறைக்கும் வழிகள்

நெருக்கமாக அடுக்கிய ஸ்பீக்கர்களைக் கொண்டு, அரங்கில் இல்லாத ஒரு ஒலிமூலத்தின் அலைமுகத்தை எழுப்பும் முறை அலைப்புலத் தொகுப்பு. ஹைகன்ஸ் கோட்பாட்டை அடிப்படையாக வைத்து, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பெர்க்ஹவுட் 1988இல் இதற்கு அடித்தளமிட்டார். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் விரிவுரை அரங்கு ஒன்றில் 832 தடங்கள் இப்படி ஒலிக்கின்றன.

அந்த அளவு அரங்கில் 32 மூலங்கள் ஒலிப்பதாகக் கொள்வோம். மாதிரி வீதம் நொடிக்கு 48,000. ஒவ்வொரு மூலம்-ஸ்பீக்கர் இணைக்கும் 128 குணகங்கள் கொண்ட தனி ஃபில்டர் வைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 16,400 கோடி பெருக்கல் தேவை. ஆனால் ஸ்பீக்கரை இயக்கும் சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், அதிர்வெண்ணைச் சார்ந்த பகுதி எல்லா ஸ்பீக்கருக்கும் பொது. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறுவது தாமதமும் ஒலியளவும் மட்டுமே. ஃபில்டரை மூலத்துக்கு ஒருமுறை போட்டு, பிறகு தாமதித்துப் பெருக்கினால் கணக்கு சுமார் 147 கோடிக்கு இறங்கும். வேறெந்த நுணுக்கமும் இதற்கு ஈடாகாது. எதை மூலத்தின் பக்கம் தள்ள முடியும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த ஃபில்டர் எண்மத்துக்கு 3 டெசிபெல் ஏறுகிறது. ஸ்பீக்கர் இடைவெளி 10 செ.மீ. என்றால் சுமார் 1,700 ஹெர்ட்ஸுக்கு மேல் அலைமுகம் சிதையத் தொடங்கும்; அதற்கு மேல் ஃபில்டரைச் சமமாக விட்டுவிடலாம், இல்லாவிட்டால் ஒலி அளவுக்கு மீறிக் கூர்மையாகக் கேட்கும்.

மூலத்தின் அலை செல்லும் திசையை நோக்கிய ஸ்பீக்கர்கள் மட்டுமே ஒலிக்க வேண்டும். வட்ட வரிசையில், தொலைவிலுள்ள மூலத்துக்கு ஏறக்குறைய பாதி ஸ்பீக்கர்கள் மௌனம். பூஜ்யத்தால் பெருக்குவதைவிட அவற்றைச் சுழற்சியிலிருந்தே நீக்குவது மேல்.

தாமதத்தை முழு மாதிரிக்கு வட்டமிட்டால் பிழை அதிகபட்சம் 3.6 மி.மீ. தூரத்துக்குச் சமம். அசையாத மூலத்துக்கு இது போதும். மூலம் நகரும்போது தாமதம் படிப்படியாகத் தாவி, இரைச்சலாகக் காதில் விழும். அங்கே பின்னத் தாமதம் வேண்டும். அதற்கும் அதே வழிதான்: மூலத்தின் சமிக்ஞையை ஒருமுறை நான்கு மடங்கு மாதிரி வீதத்துக்கு உயர்த்தி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் எளிய நேர்கோட்டு இடைச்செருகலோடு எடுத்துக்கொள்ளும்.

நடைமுறையில் தடங்கல் பெருக்கலைவிட நினைவகத்தில்தான் அதிகம். தாமதச் சேமிப்பை மாதிரி மாதிரியாகத் தாவிப் படிக்காமல், ஒரு ஸ்பீக்கருக்கு 64 மாதிரிகளைத் தொடர்ச்சியாகப் படித்தால் பிராசஸர் நான்கையோ எட்டையோ ஒரே அடியில் கணக்கிடும். தாமதச் சேமிப்பாகப் பயன்படும் வளைய நினைவகத்தின் தொடக்கப் பகுதியை முடிவிலும் நகலெடுத்து வைத்தால் எல்லைச் சோதனை தேவைப்படாது.

அரங்குக்குள்ளேயே குவியும் மூலங்களுக்குச் சில ஸ்பீக்கர்கள் முந்தி ஒலிக்க வேண்டும். எல்லாத் தடங்களுக்கும் ஒரு நிலையான முன்தாமதம் சேர்த்தால் அது கிடைக்கும். சோதனையின்போது சராசரிச் சுமையைப் பார்ப்பது போதாது. 64 மாதிரித் தொகுதிக்குக் கிடைப்பது 1.33 மில்லிநொடி, எல்லா மூலங்களும் ஒரேசமயம் நகரும்போதும் கணக்கு அதற்குள் முடிய வேண்டும்.