கனரக வாகன ஓட்டுநராக விரும்பும் கிராம இளைஞருக்கு

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டில் நடைபெற்றது. ஆயினும், கடல் இம்மாவட்டத்தாருக்குப் பிழைப்பளிப்பதை நிறுத்திவிடவில்லை. 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகத்தில் நிலக்கரியும் சரக்குப் பெட்டகங்களும் வந்திறங்குகின்றன. உப்பளங்களிலிருந்து உப்பு வெளியூர்களுக்குச் செல்கிறது. இவற்றைச் சுமந்து செல்வன லாரிகளே. ஆகவே, உப்பளத் தொழிலாளர், மானாவாரி விவசாயிகள் ஆகியோரின் பிள்ளைகள் ஓட்டுநர் தொழிலை நாடுவது இயல்பேயாகும்.

ஆனால், அவர்களுள் பலர் அத்தொழிலுக்குள் நுழையும் வழி சரியானதன்று. கிளீனராகச் சேர்ந்து, இரவில் ஓட்டுநர் கண்ணயரும் வேளையில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகி, பின்னர் வீட்டு நகையை அடகு வைத்துத் தரகர் மூலம் லைசென்சு தேடும் வழக்கத்தை நாம் காண்கிறோம். இவ்வழக்கம் ஒழிய வேண்டுமாயின், சட்டம் வகுத்துள்ள படிகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பியவர் முதலில் இலகுரக வாகனத்திற்குரிய பழகுநர் உரிமம் பெறலாம். அது ஆறு மாதம் செல்லும். 30 நாட்கள் கழிந்தபின் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். இலகுரக உரிமம் பெற்று ஓராண்டு நிறைந்த பின்னரே கனரக வாகனம் பழக அனுமதி கிடைக்கும். 20 வயது நிரம்பாத எவரும் போக்குவரத்து வாகனம் ஓட்டலாகாது. இதற்கு மருத்துவச் சான்றும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றும் தேவை. 25 மீட்டர் தொலைவிலுள்ள வாகன எண் பலகையைப் பகலொளியில் படிக்கக் கண் தெளிவு வேண்டும். கண்ணாடி அணிந்து படிப்பதற்குத் தடையில்லை.

உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். அமிலம், எரிபொருள் போன்ற அபாயகரமான சரக்குகளை ஏற்றிச் செல்வோருக்கு மூன்று நாள் தனிப்பயிற்சி உண்டு. அவர்களுடைய அனுமதி மூன்றாண்டுகளே செல்லும்.

எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019-ல் நீக்கப்பட்டது. அதனால் எழுத்தறிவு தேவையில்லை எனக் கொள்ளலாகாது. சாலைப் பலகையையும், டேங்கர் மீதுள்ள எச்சரிக்கையையும் படிக்க இயலாதவர் தமக்கும் பிறருக்கும் ஆபத்தை விளைவிப்பார்.

பயிற்சி என்பது ஸ்டியரிங் பிடிப்பது மட்டுமன்று. பெட்டகத்தின் நான்கு மூலைப் பூட்டுகளையும் சரிபார்க்காமல் புறப்பட்டால், வளைவில் பெட்டகம் சரிந்து விழக்கூடும். உயரமான சுமையுடன் வேகமாகத் திரும்பினால் வண்டியே கவிழும். பாரம் கூடக் கூட பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். இவற்றை முறையாகக் கற்பதற்கே 2021-ஆம் ஆண்டின் மத்திய விதிகள், அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வாகனப் பாடத்தை ஆறு வாரங்களில் 38 மணி நேரம் என அமைத்துள்ளன. முத்துக்குளிப்பில் மூழ்கியவரின் உயிர், படகில் கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. சாலையில் சைக்கிளில் செல்பவரின் உயிர் லாரி ஓட்டுபவர் கையில் இருக்கிறது.

உரிமம் இல்லாதவரிடம் வண்டியை ஒப்படைக்கும் உரிமையாளரும் சட்டப்படி குற்றவாளியே. அத்தகைய விபத்தில் காப்பீட்டு நிறுவனம், தான் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கக்கூடும். ஒரே லாரியை நம்பி வாழும் சிறு உரிமையாளர் அத்துடன் நொடித்துப்போவார். வண்டி ஓட்டிய இளைஞரோ வழக்கில் சிக்கித் தம் வாழ்வையே இழப்பார்.

18 வயதுக்கும் 20 வயதுக்கும் இடைப்பட்ட இரண்டாண்டுகள் வீண் காலமல்ல. அக்காலத்தில் இலகுரக வாகனத்தில் கைபழகலாம். வண்டியின் பழுது நீக்கக் கற்கலாம். சாலைக் குறியீடுகளை மனத்தில் பதிக்கலாம். ஊராட்சித் தலைவர்கள் கிராம சபைக் கூட்டங்களில் இப்படிகளை விளக்கிக் கூறுதல் நலம். பெற்றோர்கள், தரகருக்குக் கொடுக்கவிருக்கும் பணத்தைப் பயிற்சிப் பள்ளிக்குக் கட்டணமாகச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். அப்பணம் பிள்ளையின் கையில் தொழிலாக நிற்கும்.