பிள்ளை பெற்றாச்சு... மாத்திரை என்னாச்சு?

புதுக்கோட்டை ராணியார் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு சுகப்பிரசவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையிலேயே எச்.ஐ.வி. இருப்பது தெரிந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று, அன்றிலிருந்து ஒரு ராத்திரி விடாமல் மாத்திரை சாப்பிட்டாள். விஷயம் புருஷனுக்குத் தெரியும். பிறந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பிரசவம் முடிந்து, அறந்தாங்கிப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறாள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்!

ஒரே அறையில் அம்மா, அம்மாயி, பார்க்க வருகிற அத்தை, சித்தி... கைப்பையைத் திறந்தால் பத்து கண்கள் பார்க்கும். "பச்சை உடம்புக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாதுடி, சூடு! அதான் லேகியம் கிண்டிக் குடுத்திருக்கேன்ல?" என்று அம்மாயி அன்பாகத்தான் சொல்வார். என்ன மாத்திரை என்று அடுத்த கேள்வி வருமே என்ற பயத்தில் ஒரு நாள் விடுகிறாள். ராத்திரி முழுக்க குழந்தை அழுத அலுப்பில் மறுநாளும் விடுகிறாள். 'பிள்ளைதான் நல்லபடியாப் பிறந்தாச்சே' என்ற நிம்மதி வேறு.

இது ஒரு பெண்ணின் அலட்சியம் இல்லை. உலகெங்கும் நடந்த 51 ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான கணக்கு இது: கர்ப்பகாலத்தில் நான்கில் மூன்று பேர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு அது பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஆபத்து பிரசவத்தோடு முடிவதில்லை. தாய்ப்பால் மூலமும் கிருமி குழந்தைக்குப் போகும். தாய்க்குச் சிகிச்சையே இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் எல்லாம் சேர்ந்து 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் 5-க்கும் கீழே இறங்கிவிடும். மாத்திரை ரத்தத்தில் இருக்கும்வரை கிருமி பெருக முடியாது. அடிக்கடி விட்டு விட்டுச் சாப்பிட்டால், கிருமி அந்த மருந்துக்கே பழகிக்கொள்ளும். அப்புறம் அதே மாத்திரை வேலை செய்யாது.

ஒரு காலத்தில் பிரசவ வலி கண்டதும் தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்ததும் குழந்தைக்குக் கொஞ்சம் சிரப்... பலருக்கு அத்தோடு சரி. 2004 ஏப்ரல் 1 முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தர ஆரம்பித்தது. 2014-லிருந்து, எதிர்ப்புசக்தி எவ்வளவு இருந்தாலும் சரி, எச்.ஐ.வி. உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஆயுள் முழுக்க மருந்து. 'பிரசவம் வரைக்கும்தான்' என்ற பழைய பேச்சை இன்னும் சிலர் நம்புவது வருத்தம்தான்.

இப்போது பெரும்பாலும் தினம் ஒரு மாத்திரைதான். அதில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கும். இதை வெறும் வயிற்றில் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. பிரசவமான பெண்ணுக்கு இந்த இரண்டையும் எழுதாத டாக்டர் உண்டா? சாப்பாட்டோடு போடலாம். இல்லையென்றால் கூட்டு மாத்திரையை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோ போட வேண்டும். லேகியம், நாட்டு மருந்து சாப்பிடுவதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது.

அடுத்தது சேனை வைப்பது. பிறந்த குழந்தை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர், பிறகு உரை மருந்து, 'பால் பத்தலை' என்று புட்டிப்பால்... தாய்ப்பால் கொடுப்பதென்று முடிவு செய்தால் 6 மாதம் அது மட்டும்தான். தாய்ப்பாலும் மற்றதும் கலந்து கொடுத்தால் குழந்தையின் பிஞ்சுக் குடல் புண்ணாகி, கிருமி நுழைய வழியாகிவிடும். குழந்தைக்கும் சொட்டு மருந்து உண்டு. தாயின் நிலையைப் பொறுத்து 6 வாரமோ, 12 வாரமோ.

வீட்டில் யாரிடம் சொல்வது? ஊருக்கே சொல்ல வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்குத் தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்க ஒரே ஒரு ஆள் போதும். அது அம்மாவோ, அக்காவோ, தினம் போன் போடுகிற புருஷனோ! சொல்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. அவள் சம்மதமில்லாமல் இதை வெளியே சொல்வது 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி கூடாது. எப்படிச் சொல்வதென்று தெரியாவிட்டால், அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மைய ஆலோசகர் கூட இருந்து உதவுவார். 1097-க்கு இலவசமாகப் போன் செய்தும் கேட்கலாம்.

'நம்ம வீட்டுக்கு இது எதுக்கு?' என்று பக்கத்தைத் திருப்பப் போகிறீர்களா? நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ள மனைவிமார்களில் பெரும்பாலோருக்கு அது கணவனிடமிருந்து வந்ததுதான். பிள்ளை பெற்று வந்த மகள் ஒரு மாத்திரையை மறைத்து மறைத்துச் சாப்பிட்டால், என்ன ஏதென்று துருவாமல், "நேரமாச்சு, போட்டுட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

தாய்வீடு கிளம்புமுன் கூட்டு மருந்து மையத்தில் சொல்லிவிட வேண்டும். நிலைமை சீராக இருப்பவர்களுக்குச் சேர்த்தே சில மாத மருந்து தருவதுண்டு. பக்கத்து மையத்தில் வாங்கவும் ஏற்பாடு செய்யலாம்.

குழந்தைக்கு 6-வது வாரம் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தத் துளி எடுப்பார்கள். 6 மாதம், 12 மாதத்திலும் பரிசோதனை. உறுதியான முடிவு 18-வது மாதத்தில். தாய்ப்பால் அதற்குப் பிறகும் தொடர்ந்தால், நிறுத்தி 3 மாதம் கழித்து இன்னொரு முறை. குழந்தைக்கு 'இல்லை' என்று ரிசல்ட் வந்தாலும், அன்று ராத்திரியும் அம்மாவுக்கு மாத்திரை உண்டு.