பாலூட்டும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

பால் கொடுப்பவள் என்பதைத் தவிர வீட்டில் உனக்கு வேறு பெயரே இல்லாமல் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். பிள்ளை மேல் பாசம் குறைந்ததால் வந்த பேச்சு இது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. பால் சுரப்பது உடம்பின் வேலை, பிள்ளை வளர்ப்பது வீட்டின் வேலை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி உன் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு இயற்கை என்று பெயர் வைக்கிறார்கள்.

பச்சைக் குழந்தை நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். தடவைக்கு அரை மணி என்று வைத்தாலே 4 முதல் 6 மணி நேரம் போய்விடும். மார்பில் குடிக்க வைப்பது உன்னால் மட்டுமே ஆகும். ஆனால் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்க, துணி மாற்ற, தூளி ஆட்ட, தடுப்பூசித் தேதியை நினைவில் வைக்க, உனக்கு நேரத்துக்குச் சோறு போட யாருக்கும் பால் சுரக்க வேண்டியதில்லையே. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். கரண்டியே தொடாத ஆண்கள் அந்தச் சராசரியில் சேரவே இல்லை! கைக்குழந்தை இல்லாத வீடுகளும் அந்தக் கணக்கில் உண்டு. ஆகவே பழியைத் தாய்ப்பால் மேல் போட முடியாது.

'அலைந்தால் பால் வற்றிவிடும், வேலை நினைப்பை விடு' என்பார்கள். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். வலியும் கவலையும் பால் இறங்குவதைத் தடுக்கும். அப்படியென்றால் பாலைக் காப்பது உனக்குக் கிடைக்கும் தூக்கமும் ஒத்தாசையும்தான். பீய்ச்சிய பாலை பிரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம். மாப்பிள்ளை குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து, அது விழுங்க விழுங்கச் சாய்த்தால் போதும். அவசரப்பட்டால் புரையேறும்; பழகினால் வந்துவிடும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் எலிசபெத் பதந்தேர், 2010-இல் வந்த நூலில், தாய்ப்பால் வலியுறுத்தல் பெண்ணை மறுபடி வீட்டுக்குள் தள்ளுகிறது என்று வாதிட்டார். அவர் பயம் நியாயமானது. ஆனால் வீட்டுக்குள் தள்ளுவது பால் அல்ல, பாலைச் சாக்காகச் சொல்லும் ஏற்பாடு. ஒருவேளை பால் போதாமல் டாக்டர் பவுடர் எழுதிக்கொடுத்தால் அதையும் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதே.

மாப்பிள்ளைக்கு லீவ் இல்லை என்பது மெய்தான். 2017-இல் திருத்திய பேறுகாலச் சட்டம் உனக்கு 26 வாரம் தந்தது, அப்பாவுக்கு ஒரு நாளும் தரவில்லை. மத்திய அரசு ஊழியராக இருந்தால்கூட அவருக்கு 15 நாள்தான். பிள்ளை அம்மாவின் பொறுப்பு என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது, போ. ஆனாலும் ராத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் யாரிடமும் லீவ் கேட்க வேண்டாம். நீ வேலைக்குத் திரும்புவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் பாலாடையில் பழகட்டும். 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்க உனக்கு உரிமை உண்டு. அது எங்கே இருக்கிறது என்று உன் ஆபீஸுக்கு இப்போதே எழுத்தில் கேட்டுவை.

அன்புடன்,
பெரியம்மா